அத்தையின் குதிகால்

சென்ற வருஷம் ஐப்பசியில், அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு விடியற்காலையில், என் அத்தை கொல்லைப்புறத்துப் படியில் வழுக்கி விழுந்தாள். வயது 82. தொடை எலும்பு இடுப்போடு சேருமிடத்தில் முறிந்துவிட்டது. திருச்சியில் ஒரு வைத்தியசாலையில் ரண சிகிச்சை செய்தார்கள். பதினோராம் நாள், "இனி அழைத்துப் போகலாம்" என்றார்கள். எங்கே அழைத்துப் போவது என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

நேயர்களுக்கு என் குடும்ப நிலைமையைச் சற்றுத் தெரிவிக்க வேண்டும். எனக்கு நாலு வயதாகும்போதே என் தாயார் காலஞ்சென்றாள். அதற்கு முந்தைய வருஷந்தான் அத்தை தன் கணவரை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். என்னைக் குளிப்பாட்டியதும், பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். நான் சரித்திரத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றது என் கெட்டிக்காரத்தனத்தினால் என்று ஊரில் சொல்லிக் கொள்கிறார்கள். அது அத்தையின் இரட்டை வடச் சங்கிலியினால் என்பது எனக்கும் அடகுக் கடைக்காரருக்கும் மட்டுமே தெரியும்.

நானும் என் மனைவியும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். காலை எட்டரை மணிக்குப் பூட்டிய வீட்டை மாலை ஐந்து மணிக்குத்தான் திறக்கிறோம். அத்தையோ பிறர் உதவியின்றிப் புரண்டு படுக்கவும் முடியாத நிலையில் இருந்தாள். வீட்டோடு இருந்து கவனிக்க ஆள் தேடினோம். வந்தவள் மூன்று நாளில் போனாள். அவளுக்குப் பின் வந்தவள் ஒரே நாளில் போனாள். ஆகவே, வயோதிகர்களை வைத்துப் பராமரிக்கும் இடம் ஒன்றைத் தேட நேர்ந்தது. அதற்குச் சரியான பெயர்கூட நம்மிடம் இல்லை. "நர்ஸிங் ஹோம்" என்றால் நம் ஊரில் சிறிய ஆஸ்பத்திரி என்று அர்த்தம். "முதியோர் இல்லம்" என்றாலோ பெற்றோரைத் தள்ளிவிடும் இடம் என்று உறவினர் முகம் சுளிக்கிறார்கள். 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கிலேயே இத் தேசத்தில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் பத்துக் கோடிக்கு அதிகம். தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர். முகம் சுளித்துக்கொண்டிருந்தால் இத்தனை பேரையும் யார் புரட்டிப் படுக்க வைப்பது?

முதலில் பார்த்த இல்லம் வெகு நேர்த்தியாக இருந்தது. சலவைக்கல் தரை. வாசலில் வண்ணமீன் தொட்டி. வாரத்தில் ஏழு நாளுக்கும் என்னென்ன ஆகாரம் என்பதை அச்சிட்டுக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். கைபேசியில் பார்த்தால் ஐந்துக்கு 4.8 நட்சத்திரங்கள். நிர்வாகியிடம் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் யோசிக்காமல் பதில் சொன்னார். பதில் தயாராக வைத்திருந்த கேள்விகளை மட்டுமே நான் கேட்டேன் என்பது பிற்பாடுதான் எனக்கு விளங்கிற்று.

இந்த விஷயத்தில் நான் ஏமாந்ததற்கு மன்னிப்பே கிடையாது. பள்ளிக்கூட ஆய்வு என்றால் என்னவென்று இருபது வருஷமாக அறிந்தவன் நான். அதிகாரி வருகிறார் என்றால் முதல் நாளே சுவரில் படங்கள் ஒட்டுவோம். இன்ன கேள்விக்கு இன்ன பையன் எழுந்திருக்க வேண்டும் என்று ஒத்திகை பார்ப்போம். படிப்பு வராத நாலு பிள்ளைகளை அன்று நூலக அறையைச் சுத்தம் செய்ய அனுப்பிவிடுவோம். நானே அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் மீன் தொட்டியைப் பார்த்து மயங்கினேன்! மாதம் 38,000 ரூபாய். காற்று மெத்தைக்கு 1,500 ரூபாய் தனி.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பதினொரு மணிக்கு நானும் மனைவியும் போவோம். அத்தை குளித்து, தலை வாரி, நெற்றியில் விபூதியோடு படுத்திருப்பாள். "சௌக்கியமா, அத்தை?" என்றால், "எனக்கென்னடா குறை?" என்பாள். திருப்தியோடு திரும்புவோம்.

ஐந்தாவது ஞாயிறன்று, என்னிடம் படித்து இப்போது சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பெண் ஒருத்தி எங்களோடு வந்தாள். சிறுமியாக இருந்தபோது அத்தை கையால் முறுக்குத் தின்றவள். நாங்கள் அத்தையின் முகத்தைப் பார்த்துப் பேசிக் கொண்டிருந்தோம். அவளோ நேரே கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையைத் தூக்கினாள். இடது குதிகாலில், ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குக் கறுத்திருந்தது. அத்தையை மெதுவாக ஒருக்களித்துப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியுமிடத்தில் நல்ல சிவப்பு. அதை விரலால் அழுத்தி எடுத்தாள்.

"பாருங்கள் ஸார், அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். இது வெளுக்கவே இல்லை. உள்ளே சதை கெட ஆரம்பித்துவிட்டது" என்றாள்.

பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். காற்று மெத்தையின் மோட்டாரிலிருந்து புறப்பட்ட ஒயர் தரையில் சுருண்டு கிடந்தது. பிளக் சுவரில் செருகப்படவேயில்லை. கட்டிலில் ஓர் அட்டை தொங்கிற்று. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்ததற்கு அடையாளமாக, கட்டம் கட்டமாகக் கையெழுத்து. அப்போது மணி பதினொன்றேகால். அட்டையில் மாலை நாலு மணி வரைக்கும் கையெழுத்துப் போட்டாகியிருந்தது.

வராத பையனுக்கு ஆஜர் போடும் ரிஜிஸ்தரை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கட்டங்களைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிற்று.

"ஏன் அத்தை சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நீ மாசா மாசம் இவ்வளவு பணத்தைக் கொட்டுகிறாய். நான் வேறு அங்கே வலி, இங்கே வலி என்று சொல்லிக் கொண்டிருக்கணுமா? அந்தப் பெண்களைத் திட்டாதேடா. ராத்திரியிலே இருபத்தாறு பேருக்கு ஒரே ஒருத்திதான் ஓடுகிறாள்" என்றாள் அத்தை.

நிர்வாகியிடம் போனோம். வயதானவர்களின் தோல் அப்படித்தான் என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. தோல் மெலிந்து, ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு எவ்வளவு கவனித்தாலும் சில சமயம் புண் வந்துவிடுகிறது. ஆயினும், ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-ல் வெளியிட்ட தம் நூலிலேயே, படுக்கைப் புண் பெரும்பாலும் நோயின் குற்றமன்று, பணிவிடையின் குற்றமே என்ற கருத்தைச் சொல்லிவிட்டார். தவிரவும், நாலு மணிக்குப் போட வேண்டிய கையெழுத்தைப் பதினொரு மணிக்கே போட்டது தோலின் கோளாறு ஆகுமா?

இரண்டாந்தடவை தேடப் போனபோது அந்தப் பெண்தான் எனக்கு வாத்தியார். முன்கூட்டிச் சொல்லாமல் போக வேண்டும். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மேல் போக வேண்டும் என்றாள். நிர்வாகியோடு பேசுவதைவிட ஆயாவோடு பேச வேண்டுமாம். "எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய், அம்மா?" என்று கேட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும் என்றாள். ஆட்கள் மாதத்துக்கு மாதம் மாறும் இடத்தில், எந்தக் கிழவருக்கு எந்தத் தோள் வலிக்கும் என்று யாருக்குத் தெரியும்? தண்ணீர்த் தம்ளர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, அல்லது அலமாரிமேல் அழகுக்காக இருக்கிறதா? நகம் வெட்டியிருக்கிறதா? மணிக்கட்டில் துணி கட்டிய தழும்பு உண்டா? சாயங்கால வேளையில் அத்தனை பேரும் அயர்ந்து தூங்கினால் என்ன மாத்திரை கொடுக்கிறார்கள்? ஒரு படுக்கையில் மூத்திர வாடை அடித்தால் அது இப்போது நேர்ந்தது, வீடு முழுவதும் அடித்தால் வழக்கமாக நடப்பது என்று கொள்ள வேண்டும். மூக்கைத் துளைக்கும் வாசனைத் திரவியத்தையும் அவள் நம்பவில்லை.

நட்சத்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1987-ல் இத்தகைய இல்லங்களுக்குக் கண்டிப்பான சட்டம் செய்து, நோயாளிகளைச் சௌகரியத்துக்காகக் கட்டிப் போடக் கூடாது என்று விதித்தார்கள். 2008-ல் ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்துச் சர்க்காரே வெளியிடலாயிற்று. ஆனால் வேலையாட்கள் எத்தனை பேர் என்ற கணக்கை வெகு காலம் இல்லங்களே எழுதிக் கொடுத்து வந்தன. 2016 முதல்தான் சம்பளப் பட்டியிலிருந்து கணக்குக் காட்ட வேண்டும் என்று ஏற்பட்டது. அங்கேயும் அட்டையில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருந்திருக்கிறார்கள் போலும்! நம் தேசத்தில் 2007-ம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறது. ஏழை முதியோருக்கு ஜில்லாவுக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும்படி, ராஜ்ய சர்க்கார் இல்லம் ஏற்படுத்தலாம் என்று அது சொல்கிறது. பணம் கொடுத்து அத்தையைச் சேர்க்கும் என் போன்றவனுக்குக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

ஓர் இல்லத்தில் ஆறு மணிக்குக் கேட்டையே திறக்க மாட்டோம் என்றார்கள். திரும்பினோம். இன்னொன்றில் ஒரு படுக்கையருகே இருந்த மணியை அந்தப் பெண் அழுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொரு நிமிஷம் கழித்து வாட்ச்மேன் வந்தார்.

மூன்றாவது, ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய வீடு. சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. தொலைக்காட்சி அலறிற்று. காபி வாயில் வைக்க விளங்கவில்லை. ஆனால் கூடத்தில் ஓர் ஆயா முக்காலியில் உட்கார்ந்து, ஒரு கிழவருக்கு ரசஞ்சாதம் ஊட்டிக் கொண்டிருந்தாள். அவர் விழுங்கும் வரை காத்திருந்துதான் அடுத்த கரண்டியை எடுத்தாள். இடையிடையே, "உங்க வயல்லே இந்த வருஷம் என்ன நெல் போட்டிருக்காங்க, ஐயா?" என்று கேட்டுக் கொண்டிருந்தாள். மணி அடித்தால் இரண்டு நிமிஷத்தில் ஆள் வந்தது. அட்டையில் ஆறு மணிக் கட்டத்துக்கு அப்பால் எல்லாம் காலி.

அங்கே இருந்த தலைமை நர்ஸ் என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினாள். அத்தையை எப்படிக் கூப்பிட வேண்டும்? எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவாள்? கடைசியாக, "நீங்கள் எப்போதெல்லாம் வருவீர்கள்?" என்றாள். ஞாயிறு பதினொரு மணிக்கு என்றேன். அவள் சிரித்தாள். "நேரத்தை மாற்றி மாற்றி வாருங்கள், ஸார். எங்களுக்கும் அதுதான் நல்லது" என்றாள்.

குதிகால் ஆற நாலு மாதம் பிடித்தது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகால் எதன்மேலும் படாமல் தொங்கும்படி வைத்தார்கள். இப்போது அத்தை நாற்காலியில் உட்காருகிறாள், நடக்கவில்லை. எப்போது வீட்டுக்கு அழைத்துப் போவாய் என்று கேட்பாள். முழுப் பரீட்சை லீவில் என்று சொல்லியிருந்தேன். அந்த லீவு வந்து போய்விட்டது. இப்போது காலாண்டு லீவில் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் "சரி" என்கிறாள். அப்படிச் சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

சென்ற வியாழக்கிழமை காலை ஐந்தரை மணிக்கே போனேன். காபியில் சர்க்கரை போதவில்லை என்று ஆயாவோடு பலமான சண்டை நடந்துகொண்டிருந்தது.

"ஏண்டா, இந்நேரத்தில் வந்தாய்? பள்ளிக்கூடம் இல்லையா?" என்றாள் அத்தை.

நான் கால்மாட்டில் குனிந்து போர்வையைத் தூக்கி, குதிகால் இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

"பார்த்தியாடி," என்றாள் அத்தை ஆயாவிடம், "பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி பார்க்கிறான். நீ சர்க்கரையைக் கொண்டு வா."