தனித்துப் பாடிய குரல்



பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் மாணவர்கள் இருமுறை காலால் தட்டி ஒருமுறை கைதட்டும் தாளத்தை நீங்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். இங்கிலாந்தின் 'குயின்' என்ற ராக் இசைக்குழு 1977-ஆம் ஆண்டில் உலகுக்குக் கொடுத்த தாளம் அது. அக்குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி. தமிழாசிரியை ஒருத்திக்கு ராக் பாடகரிடம் என்ன வேலை என்று நீங்கள் வியக்கக்கூடும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி ஒருத்தி வைத்திருந்த ஒலிநாடாவின் வழியாக அறிமுகமானவர் அவர். அந்த நாடாவில் இருந்தது குயின் குழுவின் பாடல்கள் அல்ல. அவர் தனியாக வெளியிட்ட 'மிஸ்டர் பேட் கை' என்ற இசைத்தொகுப்பு. அத்தொகுப்பு பெற்ற வரவேற்பைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன்.

1946-இல் சன்சிபார் தீவில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர் மெர்குரி. இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. இந்தியாவின் பஞ்சகனி என்னும் மலையூரில் விடுதிப் பள்ளியில் படித்தார். பியானோ பயின்றதும், சக மாணவர்களோடு முதல் இசைக்குழுவில் சேர்ந்ததும் அப்பள்ளியில்தான். பின்னர் 1964-இல் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. குயின் குழு உருவானது 1970-இல். மற்றவை உலகறிந்தவை.

அக்குழுவின் நால்வருமே பாடல் எழுதக் கூடியவர்கள். ஆகவே ஒவ்வொரு தொகுப்பிலும் யாருடைய பாடல் இடம்பெறும், யாருடையது ஒதுங்கும் என்ற இழுபறி இருக்கத்தான் செய்யும். நம் பள்ளிக் கலைநிகழ்ச்சிக்கு உருப்படிகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் அமர்ந்தவர்களுக்கு இது நன்கு புரியும்! மெர்குரி 1983-இல் தம் தனித்தொகுப்பைத் தொடங்கி, குழுவின் பணிகளுக்கிடையே ஏறத்தாழ ஈராண்டுகள் உழைத்தார். ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒலிப்பதிவு நடந்தது. பதினொரு பாடல்கள், பதினொன்றையும் அவரே எழுதி, அவரே இசையமைத்தார். 1985 ஏப்ரல் 29-ஆம் நாள் தொகுப்பு வெளியானது. அதனை அவர் தம் பூனைக்குக் காணிக்கையாக்கினார் என்பது இன்றும் என்னைப் புன்னகைக்க வைக்கும் செய்தி.

2018-இல் வெளிவந்த திரைப்படத்தைப் பார்த்தவர்கள், அவர் தனியாகப் பாடப் போனதால் குழுவே உடைந்துவிட்டது என்று எண்ணியிருப்பீர்கள். அது கதைக்காகச் செய்துகொண்ட மாற்றம். உண்மையில் குழுவின் டிரம் கலைஞர் ரோஜர் டெய்லர் 1981-இலேயே தனித்தொகுப்பு வெளியிட்டுவிட்டார். கித்தார் கலைஞர் பிரையன் மே 1983-இல் வேறு இசைஞர்களுடன் சேர்ந்து ஒரு சிறு தொகுப்பைக் கொண்டுவந்தார். இவர்களுக்குப் பின்னால்தான் மெர்குரி வந்தார். குழுவும் உடையவில்லை, அந்த 1985 மே மாதம் வரை ஜப்பானில் மேடையேறிக் கொண்டுதான் இருந்தது. திறமையுள்ள ஒருவன் தனியே ஒன்று செய்ய விரும்பினால் அதைத் துரோகமாகப் பார்ப்பது கதைகளுக்கு வசதியாக இருக்கிறது போலும்.

நிற்க. வரவேற்புக்கு வருகிறேன்.

பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் தொகுப்பு ஆறாவது இடத்தைப் பிடித்தது. குறை சொல்ல முடியாத இடம். ஆனால் அமெரிக்காவில்? 159-ஆவது இடம்! ஐந்தே ஆண்டுகளுக்கு முன் அதே அமெரிக்காவில் குயின் குழுவின் 'தி கேம்' தொகுப்பு முதலிடத்தில் இருந்தது. பாடியவர் அதே மனிதர்தான். தனியாக வெளியிட்ட பாடல்களின் நிலையும் இப்படித்தான். முதற்பாடல் பிரிட்டனில் 11-ஆம் இடம்வரை சென்றது. அடுத்தது 57. அதற்கடுத்த 'லிவிங் ஆன் மை ஓன்' 50-இல் நின்றுவிட்டது.

காரணம் என்ன? அமெரிக்க ரசிகர்கள் 1984-லிலேயே அவரிடமிருந்து சற்று விலகியிருந்தனர்; குழுவினர் பெண் வேடமிட்டு நடித்த ஒரு பாடற்காட்சி அங்கே பலருக்குப் பிடிக்கவில்லை. அவரும் இத்தொகுப்புக்காக மேடைப் பயணம் மேற்கொள்ளவில்லை. இவையெல்லாம் வெளிக்காரணங்கள். என் காதுக்குப் பட்டதைச் சொல்கிறேன். இத்தொகுப்பில் நடனக்கூட இசையும் மின்னிசையும் மேலோங்கி நிற்கின்றன. ஒரு பாடலில் முழு வாத்தியக் குழுவே முழங்குகிறது. மேயின் கித்தார் இல்லை. ஒருவர் உயரப் பறக்கும்போது இன்னொருவர் 'போதும்' என்று இழுத்துப் பிடிக்கும் அந்தத் தோழமையும் இல்லை. சில பாடல்களில் குரல் மட்டும் தனியே ஓடுகிறது. இருப்பினும், பியானோவோடு அவர் அமைதியாகப் பாடும் ஒரு பாடல் உண்டு: 'தேர் மஸ்ட் பி மோர் டு லைஃப் தேன் திஸ்'. மைக்கேல் ஜாக்சனோடு சேர்ந்து பாட முயன்று, அது நிறைவேறாமல், தாமே தனியாகப் பாடியது. விடுதியில் விளக்கணைத்த பிறகு நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது அதைத்தான். 159 என்ற எண்ணுக்குள் இந்தப் பாடலும் அடங்கிக் கிடந்தது.

தொகுப்பு வெளியாகி இரண்டரை மாதங்களில், ஜூலை 13 அன்று, இலண்டன் வெம்பிளி அரங்கில் 'லைவ் எய்ட்' நிகழ்ச்சி. ஏறத்தாழ இருபது நிமிடங்கள். அந்த மேடையைத்தான் உலகம் இன்றுவரை பேசுகிறது. அங்கே அவர் தம் தனித்தொகுப்பிலிருந்து ஒரு பாடலைக்கூடப் பாடவில்லை. குழுவின் மேடை அது என்பதை உணர்ந்திருந்தார்.

1991 நவம்பர் 24 அன்று மெர்குரி மறைந்தார். அதன் பிறகுதான் வியப்பான செய்தி. 1985-இல் ஐம்பதாம் இடத்தில் நின்ற அதே 'லிவிங் ஆன் மை ஓன்', வேறு சிலரால் புதிய தாளத்தில் மாற்றியமைக்கப்பட்டு, 1993-இல் பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்தது! 1995-இல் குயின் தோழர்கள் மூவரும் அவர் தனித்தொகுப்பின் இரு பாடல்களை எடுத்து, அவர் குரலை வைத்துக்கொண்டு, தாங்கள் புதிதாக வாசித்துச் சேர்த்தனர். அவற்றுள் ஒன்று 2004-இல் ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வழியாக அந்நாட்டில் மீண்டும் பெரும்புகழ் பெற்றது.

இதைத் தனிமுயற்சியின் வெற்றி என்று கொண்டாட எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. பிறர் கை பட்ட பின்னரே அப்பாடல்கள் மேலெழுந்தன. ஆனால், அவர் முதலில் தனியாகப் பாடி வைக்காமல் இருந்திருந்தால், அந்தக் கைகள் தொடுவதற்கு எதுவும் இருந்திருக்காதே?

இதை எழுதத் தூண்டியவன் என் பழைய மாணவன் ஒருவன். எங்கள் பள்ளியின் குழுப்பாடல் அணி மாவட்ட அளவில் முதல் பரிசு வென்றபோது, அதன் முன்குரல் அவன்தான். மறு ஆண்டு தனிப்பாடல் பிரிவில் சேர வேண்டும் என்று கெஞ்சினான். பாடலையும் தானே தேர்ந்தெடுத்தான். பரிசு எதுவும் கிடைக்கவில்லை, பட்டியலில் ஒன்பதாவது. திரும்பி வரும் வேனில், "குழுவுலயே இருந்திருக்கலாமே, தம்பி" என்று சொன்னேன். ஆறுதலாகச் சொன்னதாகத்தான் அன்று நினைத்தேன். அவன் சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். ஆறாம் ஆண்டில் அவன் எந்தப் பிரிவிலும் பெயர் கொடுக்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

சென்ற மாதம் ஒரு திருமண மண்டபத்தில் அவனைக் கண்டேன். குளிர்சாதனப் பெட்டிகள் பொருத்தும் தொழில் செய்கிறானாம். நலம் விசாரித்துவிட்டு, சிரித்துக்கொண்டே, "டீச்சர், அன்னிக்கு நான் பாடின பாட்டு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான்.

ஒன்பதாம் இடம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. பாட்டு நினைவில் இல்லை.