யாருடைய முறை?

வெள்ளவத்தைக் கடலோரமாக, இரத்மலானைப் பக்கமிருந்து உலங்குவானூர்தி வரும்போதெல்லாம் நான் இன்றும் அண்ணாந்து பார்க்கிறேன். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தின்மீது பெல் 212 வானூர்திகளிலிருந்து சுட்ட நாட்களில், அந்த இரைச்சலைக் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய சிறுவர்களில் நானும் ஒருவன். அதை ஓட்டியவனுக்கும் முறைப் பட்டியல் ஒன்று இருந்திருக்கும் என்று அப்போது நினைத்ததில்லை.

2025 மே 9 ஆம் திகதி மாதுறு ஓயாவில் பெல் 212 ஒன்று விழுந்து படையினர் ஆறு பேர் இறந்தனர். அதே ஆண்டு நவம்பர் 30 ஆம் திகதி, டித்வா புயலின் நிவாரணப் பணியில் இருந்த இன்னொரு பெல் 212 லுணுவிலவில் விழுந்தது. அதன் விமானி மாண்டார். களைப்புத்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், அன்று போகும் முறை யாருடையது என்பதை யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை.

அந்தக் கேள்வியை நான் பத்திரிகை அலுவலகத்தில் அறிவேன். போர்க்காலத்தில் வவுனியாவுக்கு அனுப்பும்போதெல்லாம் "நீதான் அனுபவசாலி" என்றார்கள். வெளிநாட்டுக் கருத்தரங்கு வந்தபோது அந்த அனுபவம் எவருக்கும் நினைவுக்கு வரவில்லை. பாராட்டே தண்டனையாகிவிடும் இடம் அது.

விமானிக்கும் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, ஆபத்தின் முறை. மற்றது, ஆதாயத்தின் முறை. இலங்கை விமானப்படை 2014 முதல் மத்திய ஆபிரிக்கக் குடியரசின் ஐ.நா. பணிக்கு எம்.ஐ.17 வானூர்திகளோடு குழுக்களை அனுப்பியது. இத்தகைய பணியில் ஒரு குழுவின் காலம் பொதுவாக ஒரு வருடம். ஐ.நா. அரசுகளுக்குத் தலைக்குச் செலுத்தும் மாதாந்தத் தொகை 2018 இல் 1,428 டொலராக இருந்தது. இந்த இரண்டையும் தனித்தனி ஏடுகளில் எழுதினால் அநியாயம் கண்ணுக்குத் தெரியாது.

அமெரிக்கர் வியட்நாமில் ஆளுக்குப் பன்னிரண்டு மாதம் என்று வகுத்தனர். கணக்கு நேர்மையானது, ஆனால் தொழில் பழகியவன் வீடு திரும்ப, பழகாதவன் வந்து அமர்ந்தான். ஈராக் போரில், 2007 இல், தரைப்படையினரின் காலத்தைப் பதினைந்து மாதமாக நீட்டினர். அடுத்த ஆண்டே பன்னிரண்டுக்குத் திரும்பினர். ஆகவே நாட்களைச் சமமாகப் பங்கிடுவது மட்டும் நியாயமாகாது. திறமையுள்ளவனை அடிக்கடி அழைக்க நேர்ந்தால், அதற்கு ஈடான ஓய்வும், அடுத்த நல்ல வாய்ப்பில் முன்னுரிமையும் அவனுக்கு எழுதப்பட வேண்டும். அந்த ஏடு எல்லோரும் பார்க்கும் சுவரில் தொங்க வேண்டும்.

பதுங்குகுழியிலிருந்து வந்தவன் விமானிக்காகப் பேசுவதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். களைத்தவனின் பிழை அவனோடு முடிவதில்லை. கீழே நிற்பவர்மீதும் விழுகிறது. கீழே நின்றவன் நான்.