ஆணியை அங்கேயே விடுங்கள்

உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில், நான்குவழிச் சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். சென்னையிலிருந்து வருகிற வண்டிகள் திருச்சிக்கும் சேலத்துக்கும் பிரிகிற இடம் இது. முன்பெல்லாம் கார்க்காரர் ஒருவர் கடைக்கு வந்தால் வண்டியில் ஸ்டெப்னி ஓடிக்கொண்டிருக்கும், பஞ்சரான சக்கரம் டிக்கியில் கிடக்கும். பதற்றமெல்லாம் வழியிலேயே முடிந்திருக்கும். டீ குடித்தபடி நின்று வேலையைப் பார்ப்பார். இப்போது பஞ்சரான சக்கரத்திலேயே உருட்டிக்கொண்டு வருகிறார்கள். வர முடியாதவர்கள் போன் செய்கிறார்கள். “அண்ணே, டிக்கியைத் திறந்து பார்த்தேன், ஸ்டெப்னியே இல்லண்ணே!” என்பதுதான் முதல் வார்த்தை. வண்டி வாங்கிப் பல மாதம் ஆகியிருக்கும். அன்றைக்குத்தான் டிக்கியில் இருக்கிற பள்ளத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்திருப்பார்கள். உள்ளே ஒரு சின்ன ஏர் கம்ப்ரஸரும் ஒரு பாட்டிலும் இருக்கும்.

சட்டப்படி இதில் தவறில்லை. 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. ஓட்டுநரைத் தவிர எட்டுப் பேருக்கு மிகாமல் ஏற்றுகிற, 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் வண்டியில் டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கிற டிபிஎம்எஸ், பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் இது நடைமுறை. மின்சாரக் காரில் தரைக்கு அடியில் பேட்டரி படுத்திருக்கிறது, சிஎன்ஜி காரில் டிக்கியைச் சிலிண்டர் பிடித்துக்கொள்கிறது. 15, 20 கிலோ எடையுள்ள ஒரு சக்கரத்தை எடுத்துவிட்டால் இடமும் மிச்சம், செலவும் மிச்சம். கம்பெனிகளின் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சக்கரம் செய்துவந்த வேலையை இனி யார் செய்வது என்று வண்டியைக் கையில் கொடுக்கும்போது சொல்லித் தர வேண்டும். சாவி கொடுத்து, மாலை போட்டு, போட்டோ எடுத்து அனுப்புகிற நேரத்தில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் எத்தனையோ டயர்கள் பிழைக்கும்.

ஏனென்றால் என் கடையில் வீணாகிப்போகிற டயர்களில் பெரும்பாலானவை ஆணியால் வீணானவை அல்ல. ஆணி குத்திய பிறகு ஓட்டியதால் வீணானவை. காற்று இறங்கிய டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே கையை விட்டால் விரலில் கறுப்பாகத் தூள் ஒட்டும். மிளகுப்பொடி மாதிரி இருக்கும். காற்றில்லாமல் மடங்கி மடங்கி ஓடியதில் பக்கச்சுவர் தன்னைத்தானே அரைத்துக்கொண்ட ரப்பர் அது. வெளியே பார்த்தால் டயர் புதுசு போலப் பளபளக்கும். குத்தியிருப்பது சின்ன ஆணியாகவும் இருக்கும். ஆனாலும் அந்தத் தூளைக் கண்ட பிறகு நான் பஞ்சர் போடுவதில்லை. எவ்வளவு கேட்டாலும் போடுவதில்லை. உள்ளே இருக்கிற நூலிழைகள் நைந்துபோயிருக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது வெடித்தால் நான் ஒட்டிய பேட்ச் எதையும் காப்பாற்றாது. ஸ்டெப்னி இருந்த காலத்தில், ஒரு டயர் போனாலும் மாற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். இப்போது ஓடுகிற நான்கும்தான் மொத்தக் கையிருப்பு. அதனால் சீக்கிரம் கண்டுபிடிப்பதும் சீக்கிரம் நிறுத்துவதும்தான் இனி ஸ்டெப்னி.

கண்டுபிடிக்க டிபிஎம்எஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மஞ்சள் விளக்கு எரியும்வரை காத்திருக்காமல், எண்களைக் காட்டுகிற திரை உங்கள் வண்டியில் இருந்தால் அதைப் படிக்கப் பழகுங்கள். கதவோரத்தில் ஒட்டியிருக்கிற தாளில் 33 பிஎஸ்ஐ என்று போட்டிருப்பதாக வையுங்கள். அது குளிர்ந்த டயருக்கான கணக்கு. சித்திரை வெயிலில் செங்கல்பட்டிலிருந்து ஓடிவந்த டயரில் காற்று சூடாகி 36, 37 காட்டும். அதுதான் சரி, அதைக் கண்டு பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். இப்போது மூன்று டயர் 37 காட்டி, ஒன்று மட்டும் 33 காட்டினால்? தாளில் உள்ள எண்ணேதான், விளக்கும் எரியாது. ஆனால் கசிகிற டயர் அதுதான். நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். டோல்கேட்டில் வண்டி ஊர்கிற நேரம் அதற்குப் போதும்.

எங்கள் பக்கத்தில் இந்த மெல்லிய கசிவுக்குச் சீமைக்கருவேல முள் ஒரு பெரிய காரணம். கிராமச் சாலையில் மரம் வெட்டிப் போட்ட இடத்தைக் கடந்து வந்திருப்பார்கள். முள் டயருக்குள் ஒடிந்து, மேலே ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் தெரியும். சோப்புத் தண்ணீர் ஊற்றி, வண்டியை அரையடி உருட்டி, மறுபடி ஊற்றி, கடுகு அளவுக் குமிழி கிளம்புகிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். அந்தக் குமிழியைக் கண்டுபிடிக்கிற கணம் இந்தத் தொழிலில் எனக்கு இன்றும் பிடித்த கணம்.

சரி, டயரில் ஆணி தெரிகிறது. வண்டியைச் சாலையை விட்டு நன்றாக இறக்கி, ஹஸார்ட் விளக்கைப் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைத் தள்ளி வைத்துவிட்டீர்கள். அடுத்து எல்லார் கையும் துறுதுறுக்கும், ஆணியைப் பிடுங்கிவிடலாம் என்று. வேண்டவே வேண்டாம். ஆணிதான் அந்த ஓட்டைக்கு மூடி. அது இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் போகும். கம்ப்ரஸரை 12 வோல்ட் சாக்கெட்டில் செருகி வெறும் காற்றை மட்டும் ஏற்றுங்கள். ஏறிய காற்று நிற்கிறதா என்று சில நிமிடம் பாருங்கள். நின்றால் நிதானமாக ஓட்டி அடுத்த கடைக்கு வந்துவிடலாம், வழியில் இன்னொரு முறை நிறுத்தி ஏற்றிக்கொண்டாலும் சரி. பாட்டிலைத் தொடவே தேவைப்படாத பஞ்சர்கள்தான் அதிகம். கம்ப்ரஸரை மட்டும் விடாமல் ஓட்டாதீர்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடினால் பெரும்பாலானவை சூடேறிவிடும். ஆறவிட்டுப் போடுங்கள்.

ஏற்ற ஏற்றக் காற்று இறங்கினால்தான் பாட்டில். அதற்குள் இருப்பது ரப்பர் பால் மாதிரியான திரவம். டயர் சுழலும்போது ஓட்டைக்குப் போய் உறைந்து அடைக்கும். ஆகவே ஏற்றியவுடனே ஓட்ட வேண்டும். நின்று போன் பேசிக்கொண்டிருந்தால் மருந்து அடியில் தேங்கிவிடும். ஏற்றும்போது மீட்டர் முள் திடீரென்று உச்சத்துக்குப் போய், அரை நிமிடத்தில் இறங்கும். மருந்து வால்வு வழியே நெருக்கிப் போகிற அழுத்தம் அது, பயந்து நிறுத்திவிடாதீர்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 20 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கியிருந்தால் அந்த டயரை மருந்து காப்பாற்றவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் ஓட்டக் கூடாது. காற்று நின்றிருந்தால், குறைந்ததை ஏற்றிக்கொண்டு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் கடைக்கு வாருங்கள். பாட்டிலின் மேல் காலாவதித் தேதி உண்டு. எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்!

கடைக்கு வந்ததும் எங்களிடம் சொல்ல வேண்டிய முதல் விஷயம், உள்ளே மருந்து ஊற்றியிருக்கிறது என்பது. சொல்லாவிட்டால் வால்வைக் கழற்றுகிறவன் முகத்தில் அது பீச்சியடிக்கும். சொன்னால் டயரை இறக்கி, ரிம்மைத் துடைத்து, டிபிஎம்எஸ் சென்சாரைப் பக்குவமாகக் கழுவி, உள்பக்கமிருந்து மஷ்ரூம் பேட்ச் போட்டுத் தருவோம். வெளியிலிருந்து கயிறு சொருகுவது விரைவான வேலை. ஆணி எந்தச் சாய்வில் போயிருக்கிறதோ அதே சாய்வில் ரீமரை விட்டுத் துளையைச் சீராக்கி, சொல்யூஷன் தடவிய கயிற்றைச் சொருகினால் நல்ல பிடிப்பாகவே நிற்கும். ஆனாலும் ஸ்டெப்னி இல்லாத வண்டிக்கு உள்ளிருந்து போடுவதையே நான் சிபாரிசு செய்வேன். டயரைக் கழற்றினால்தான் அந்தக் கறுப்புத் தூள் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடியும். அதற்காகவே கூடுதல் பணம் தரலாம்.

இனி, கிட்டால் முடியாத காரியம். பாட்டில் மருந்து அடைப்பது பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் வரையுள்ள ஓட்டையைத்தான், அதுவும் தரையில் படுகிற பகுதியில் மட்டும். பக்கச்சுவர் கிழிந்தால், பள்ளத்தில் விழுந்து ரிம் வளைந்தால், கம்ப்ரஸரும் பாட்டிலும் ஒன்றும் செய்யாது. தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033க்குப் போன் செய்யுங்கள், அல்லது கம்பெனியின் சாலையோர உதவிக்குச் சொல்லுங்கள். வண்டி தட்டு லாரியில் ஏறித்தான் போக வேண்டும். போய்ச் சேர்ந்தால் அடுத்த சிக்கல் டயர் அளவு. ஸ்விஃப்ட்டுக்கு ஓடுகிற 14 அங்குல டயரை எந்த ஊரிலும் வாங்கலாம். மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ மாதிரி மின்சாரக் கார்களில் வருகிற 18, 19 அங்குல டயரைச் சின்ன ஊர்க் கடையில் எதிர்பார்க்க முடியாது. ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தைகளோடு நிற்கிற குடும்பத்திடம் “காலையில் விழுப்புரத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ டயர் வந்தால்தான் சார்” என்று சொல்வதைப்போல எனக்கு மனசு கஷ்டப்படுகிற வேலை வேறில்லை.

அதனால் கம்பெனிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பணம் கொடுத்தாவது வாங்கிக்கொள்கிறோம், ஒல்லியான தற்காலிகச் சக்கரத்தையாவது விருப்பத் தேர்வாகக் கொடுங்கள். அதுவரை, அடிக்கடி ராத்திரியில் நெடுந்தூரம் போகிறவர்கள் சொந்தமாக ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். வாங்கும்போது போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், நடுத்துளையும், டயரோடு சேர்ந்த மொத்த உயரமும் உங்கள் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். பிரேக் காலிப்பரில் இடிக்கிறதா என்று கடையிலேயே ஒருமுறை மாட்டிச் சுற்றிப் பார்த்துவிடுங்கள். கிட்டோடு வருகிற வண்டியில் பெரும்பாலும் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்காது, அவற்றையும் சேர்த்து வாங்க வேண்டும். மின்சாரக் காராக இருந்தால் ஜாக்கி வைக்கிற இடத்தைக் கையேட்டில் பார்த்துச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். ஜாக்கி பேட்டரிப் பெட்டியின் மேல் படவே கூடாது. டிக்கியில் சக்கரத்தைச் சும்மா போட்டு வைக்காமல் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். மாதம் ஒருமுறை மற்ற நான்கோடு சேர்த்து அதிலும் காற்றுப் பாருங்கள்.