ஏரியில சினை, ஊசியில குஞ்சு

ஆரணின்னு சொன்னாலே "பட்டுப்புடவை ஊரா?"ன்னு கேக்கறாங்க. அது திருவண்ணாமலை மாவட்டம் சார். நான் சொல்றது பெரியபாளையம் பக்கத்துல, ஆரணியாத்து ஓரமா இருக்கிற திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. எங்க மாமா இங்க ஏரி மீன் குத்தகை எடுக்கறவர். மழைக்கு ஏரி ரொம்பினதும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விடுவார். வெயில்ல தண்ணி இறங்கினதும் வலை.

அவர் ஒருநாள் கேட்டார்: "மாப்ள, தண்ணி வத்தாத வருஷத்துல தப்பிச்சுப் பெருத்த கட்லாவுக்கு வயிறு முட்ட சினை இருக்குது. அது ஏரியிலயே முட்டை போட்டா, நான் எதுக்கு வருஷா வருஷம் குஞ்சுக்குக் காசு அழணும்?"

நியாயமான கேள்விதான். விஷயம் மீன் மூளைக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியில இருக்கு. அதுலேர்ந்து எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச்.னு ரெண்டு ஹார்மோன் வருது. முதலாவது சினையை வளர்க்கும். ரெண்டாவது, முட்டையை முழுசாப் பழுக்க வச்சு வெளியே தள்ளும். கட்லாவுக்கு அந்த ரெண்டாவது பொங்கி வரணும்னா மழைக்காலத்து ஆத்து வெள்ளம் வேணும். ஏரித்தண்ணி அசையாது. அதனால சினை உள்ளயே கரைஞ்சு போயிடும், பாவம்.

(இந்த ஏற்பாடு எவ்வளவு பழசு தெரியுமா? தாடையே இல்லாத ஆதிகால மீன் வகை ஒண்ணு, ஹேக்ஃபிஷ், இன்னும் கடல்ல இருக்கு. தொட்டா வழவழன்னு சளி கக்கும். அதோட பிட்யூட்டரியிலயும் இனப்பெருக்க ஹார்மோன் இருக்குன்னு ஜப்பான், அமெரிக்க விஞ்ஞானிகள் 2010ல காட்டினாங்க. ஆனா ரெண்டு இல்ல, ஒண்ணே ஒண்ணுதான். தாடை வந்த வம்சத்துலதான் வேலையை ரெண்டாப் பிரிச்சிருக்கு.)

முன்னாடியெல்லாம் வெள்ளத்துல ஆத்துல வலை கட்டித்தான் குஞ்சு பிடிப்பாங்க. விரால் மாதிரி தின்னிங்களும் கலந்து வரும். 1957 ஜூலை 10ஆம் தேதி, ஒடிசாவுல அங்குல்ங்கற ஊர்ல ஹீராலால் சௌத்ரி கெண்டை மீனுக்கு, இன்னொரு மீனோட பிட்யூட்டரிச் சாறை ஊசியில ஏத்தி முட்டை போட வச்சார். அந்த நாள்தான் 2001லேர்ந்து தேசிய மீன் வளர்ப்போர் தினம். மார்க்கெட்ல வெட்டின மீன் மண்டையைப் பொளந்து, சுரப்பியை எடுத்து ஆல்கஹால்ல போட்டு வைப்பாங்க. பெண் மீனுக்கு ரெண்டு ஊசி, நடுவுல ஆறு மணி நேரம்.

இப்ப ஓவாப்ரிம் மாதிரி ரெடிமேட் மருந்து, ஒரே ஊசி. அதுல சாலமன் மீனோட மூளை ஹார்மோனைப் பாத்துச் செஞ்ச சரக்கு ஒண்ணு. அது பிட்யூட்டரியை "விடு"ங்குது. மீனுக்குள்ள இருக்கிற டோப்பமின் "விடாதே"ங்குது. அதை அடக்க டொம்பெரிடோன். ஆமா, நாம வாந்திக்குப் போடற அதே மாத்திரைதான்!

சாயங்காலம் ஊசி, ராத்திரி முட்டை, அடுத்த நாள் குஞ்சு. இவ்வளவு சுலபமானதுலதான் வினையும் வந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி மாமா கட்லான்னு வாங்கினதுல பாதி கட்லாவும் இல்ல, ரோகுவும் இல்ல. ஒரே தொட்டியில எல்லா ஜாதியையும் விட்டு ஊசி போட்டா அப்படித்தான் கலக்கும். அதே நாலு தாய்மீனை வருஷக்கணக்கா வச்சிருந்தா சொந்தத்துக்குள்ளயே கல்யாணம் வேற. அந்த வருஷம் குத்தகைப் பணமே தேறல. புவனேஸ்வரத்துல பல ஆத்து ரோகுவைச் சேர்த்துப் பொறுக்கியெடுத்து, 'ஜெயந்தி'ன்னு 1997ல வெளியிட்டது இந்தக் கஷ்டத்துக்கு நேர் எதிர் வழி.

இப்பல்லாம் மாமா விலை கேக்கறதுக்கு முன்னாடி, "தாய்மீன் எங்க வாங்கினது? கடைசியா எப்ப மாத்தினீங்க?"ன்னு கேக்கறார். குஞ்சு விக்கறவங்க முறைக்கிறாங்களாம். முறைக்கட்டும், ஏலத்துல கட்டற பணம் இவரோடதுதானே.