ஓரத்தில் ஓடுபவர்

தேங்காய்ப்பட்டணத்தில் இஷா தொழுகை முடித்து நாங்கள் தொலைக்காட்சி முன் அமர்ந்தது, எங்கள் கடற்கரையின் இரவிபுத்தன்துறைக்காரர் மைக்கேல் சூசைராஜின் ஓட்டத்தைக் காணவே. 2020 நவம்பர் 20 அன்று, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில், கால்மணி நேரம் கடக்குமுன்னரே முழங்கால் காயத்தோடு வெளியேறினார். தசைநார் பாதிப்பு, அந்தப் பருவமே போயிற்று.

அவர் மீண்டு வந்தபின், "பழைய வேகம் இல்லை" என்று சோற்றுத் தட்டின் முன்னிருந்தே தீர்ப்பளித்தோம். மறுத்தவன், பந்தாடிக் காலைப் பிசகிக்கொண்ட எங்கள் இளையவன்: "ஓடுகிறவன் சட்டென்று திரும்புகையில் உடல் பாரத்தைத் தாங்குவது அந்த நார்தான், வாப்பா. அது ஆறினாலும் பயம் ஆறாது. நடுக்களத்திலிருந்து பந்து வராவிட்டால் ஓடியும் என்ன பயன்?"

புறம் பேசியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது ஆட்டம் முடியும்வரை வீட்டில் எவரும் தீர்ப்புச் சொல்வதில்லை. உம்மா மட்டும் முணுமுணுப்பார்.