தீபாவளிக்கு முதல் நாள் இரவு



சென்ற ஆண்டு தீபாவளிக்கு முதல் நாள் இரவு, என் பழைய மாணவர் ஒருவர் முறுக்கோடு வீட்டிற்கு வந்திருந்தார். கணினிப் பொறியாளர். பேசிக்கொண்டிருக்கையில் கைப்பேசி ஒலித்தது. மறுகணம் எங்கள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்துவிட்டார்.

அவர் பொறுப்பில் ரெடிஸ் என்னும் தரவுத்தளம் ஆறு கணினிகளில் ஒரு கொத்தாக இயங்குகிறது. மூன்று தலைமைக் கணினிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை. தலைமையில் பதிவதைத் துணை சற்றே பின்தங்கிப் படியெடுத்துக்கொண்டு வரும். ஒரு தலைமை வீழ்ந்தால், தலைமைகளின் பெரும்பான்மை வாக்கைப் பெற்று அதன் துணை தானே பதவி ஏற்கும். மனிதக் கை தேவையில்லை. அன்றோ, இரண்டு தலைமைகள் இருந்த சைபர்ஜெயா அறையே மௌனமாகிவிட்டது. ஜொகூரில் எஞ்சியவை ஒரு தலைமையும் இரண்டு துணைகளும். மூன்றில் இரண்டு வாக்குகள் வேண்டும், இருந்ததோ ஒன்று.

"துணைகளை நீயே தலைமை ஆக்கிவிடேன், தம்பி," என்றேன்.

"ஆக்கலாம், ஐயா. அதற்குத்தான் கை நடுங்குகிறது."

தலைமையைக் கையால் மாற்றும் கட்டளை ஃபெயில்ஓவர். அதை வெறுமனே இட்டால், பழைய தலைமை எழுதுவதை நிறுத்திக் கணக்கை ஒப்படைத்த பிறகே துணை பதவி ஏற்கும். 'ஃபோர்ஸ்' என்று சேர்த்தால் பழைய தலைமையைக் கேட்காது. ஆனால் மற்றவர்களின் வாக்கு வேண்டும். 'டேக்ஓவர்' என்றால் யாரையும் கேட்பதில்லை. அன்று எஞ்சியிருந்த வழி அது ஒன்றே. ஆனால், சைபர்ஜெயா உண்மையில் வீழ்ந்ததா, இடையிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்ததா? இணைப்பு மட்டுமென்றால், அங்கே இரு தலைமைகளும் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும். இங்கேயும் எழுதத் தொடங்கினால் ஒரே கணக்குக்கு இரண்டு ஏடுகள்.

எனக்குப் பழைய நினைவு வந்தது. ஐந்தாம் ஆண்டு வகுப்பில், வகுப்புத் தலைவர் வரவில்லை என்றெண்ணி வேறொரு மாணவரை நியமித்தேன். அவரோ நூலகத்தில் இருந்தார். இருவரும் சுற்றுலாப் பணம் வசூலித்து இரண்டு ஏடுகளில் எழுதினார்கள். கணக்கு இன்றுவரை ஒத்துவரவில்லை. குறைந்ததை நான்தான் கட்டினேன்.

சைபர்ஜெயா காவலரை நேரில் சென்று பார்க்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். முறுக்கை யாரும் தொடவில்லை. இருபது நிமிடம் கழித்து அழைப்பு வந்தது: மின்சாரம் இல்லை, மின்னாக்கியும் இயங்கவில்லை, அறையில் ஒரு விளக்கும் எரியவில்லை. "நான் சொல்லும்வரை எதையும் முடுக்காதீர்கள்," என்று இருமுறை கூறிவிட்டு, இரு துணைகளுக்கும் அக்கட்டளையை இட்டார். சில வினாடிகளில் சேவை மீண்டது.

"பழைய தலைமைகள் இனித் துணைகளாகத்தான் சேரும், ஐயா. படியெடுக்கப்படாத கடைசிப் பதிவுகள் போனவைதாம்," என்று நேரத்தைக் குறித்துக்கொண்டார். பிறகு, "நான் எழுதிய அந்த ஏட்டில் எவ்வளவு குறைந்தது?" என்றார்.

"பதினெட்டு ரிங்கிட்."