கீழ்க்கட்டில்



கடந்த ஆண்டு மே மாதத்தில், என் இறையியல் கல்லூரித் தோழர்கள் இருவருடன் ஸ்பெயின் தேசத்தில் மூன்று நாள்கள் நடந்து வந்ததை நீங்கள் அறிவீர்கள். படங்களையெல்லாம் காட்டினேன். ஒரு காரியத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

யாக்கோபு அப்போஸ்தலனின் கல்லறை இருப்பதாகப் பாரம்பரியம் கூறும் சந்தியாகோ நகருக்குச் செல்லும் பழைய யாத்திரைப் பாதை அது. அதில் சாந்தோ தொமிங்கோ தெ லா கால்சாதா என்னும் ஊரிலிருந்து பூர்கோஸ் நகரம் வரை, ஏறக்குறைய 70 கிலோமீட்டர் மட்டுமே நாங்கள் நடந்தோம். "புரொட்டஸ்டண்ட் போதகருக்கு அந்தப் பாதையில் என்ன வேலை, ஐயா?" என்று நம் மூப்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கல்லறை வரை நாங்கள் போகவில்லை என்று சிரித்துச் சமாளித்தேன்.

மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்குப் பூர்கோஸை அடைந்தோம். ஊருக்குள் நுழையும் வழி நெடுக ஆலைகளும் கிடங்குகளும்தான். நடந்து நடந்து சலித்தபின், திடீரென்று பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் தெரிந்தன. 1221ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய ஆலயம். கல்லைக் குடைந்து பின்னல் வேலை செய்ததுபோல் அந்தக் கோபுரங்களினூடே வானம் தெரிகிறது. அந்த நகரில் எங்களை அறிந்தவர் ஒருவரும் இல்லை. நம் நாட்டில் கன்வென்ஷனுக்குப் போனால் நிலையத்தில் கார் நிற்கும். தனி அறை, சால்வை, வெந்நீர் என எல்லாம் ஆயத்தமாயிருக்கும். இங்கே யாத்திரிகர் விடுதியின் தொண்டர் எங்கள் கையேடுகளில் முத்திரை குத்தி, காலணிகளை வைக்கும் அடுக்கைக் காட்டினார். இரவு பத்து மணிக்குக் கதவு அடைக்கப்படும், காலை எட்டு மணிக்குள் வெளியேற வேண்டும், ஒரே இரவுதான் தங்கலாம் என்றார். கட்டிலுக்கு எண் இல்லை. முதலில் வருபவர் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம்.

என் தோழர்களில் ஒருவருக்கு வலது முழங்காலில் நெடுநாள் தொல்லை. அவர் காலணிக் கயிற்றை அவிழ்க்கவே குனிய முடியாமல் கீழே உட்கார்ந்திருந்தார். "நான் போய் இடம் பிடிக்கிறேன்" என்று படியேறினேன். அறையில் எல்லாம் இரண்டடுக்குக் கட்டில்கள். மீதமிருந்தவை மேல்கட்டில்கள் இரண்டு, கீழ்க்கட்டில் ஒன்று. என் பையை அந்தக் கீழ்க்கட்டிலின்மேல் வைத்தேன்.

யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. யோசித்தேன். எனக்கு ஐம்பத்தாறு வயது, முதுகு வலி, இரவில் இருமுறை எழ வேண்டும். இத்தனை நியாயங்களும் படியேறி முடிப்பதற்குள் என் மனதில் வரிசையாக வந்து நின்றுவிட்டன. அவர் வந்தார், என் பையைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். "மேலேதான் காத்து வரும்பா" என்றார்.

மாலையில் பேராலயத்துக்குச் சென்றோம். அங்கே பழைய கடிகாரத்தின் மேல் ஒரு பொம்மை இருக்கிறது. மணிதோறும் வாயைத் திறந்து மூடும். அதைக் காணவே ஒரு கூட்டம் அண்ணாந்து நின்றது. பிறகு உணவகத்தில், அவ்வூரில் பேர்பெற்ற, அரிசி சேர்த்த இரத்தத் தொத்திறைச்சி வந்தது. தோழர்கள் ருசித்துச் சாப்பிட்டார்கள். நானோ அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தை நினைவூட்டி, தட்டை நகர்த்தி வைத்தேன். அந்த வேளையில் என் மனச்சாட்சி அத்தனை கூர்மையாயிருந்தது.

இரவு இரண்டு மணியளவில் மேல்கட்டில் முனகியது. இருட்டில் ஒரு கால் ஏணிப்படியைத் தேடித் துழாவி, தவறி, என் மெத்தையின் விளிம்பில் பதிந்தது. மூச்சை அடக்கும் ஒலி கேட்டது. நான் கண்களை மூடிக்கொண்டேன். எழுந்து, "நீ இங்கே படு" என்று சொல்ல நான்கு விநாடி போதும். அவர் கழிப்பறைக்குப் போய்த் திரும்பி வந்து, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி முடிக்கும் வரை நான் தூங்குகிறவனாகவே கிடந்தேன்.

அதன்பின் தூக்கம் வரவில்லை. யாருடைய பெயரால் அந்தப் பாதையில் நடந்துவந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மகிமையில் வலதுபுறத்திலும் இடதுபுறத்திலும் உட்கார இடம் கேட்ட சகோதரர் இருவரில் ஒருவன் அல்லவா இந்த யாக்கோபு! மத்தேயு அந்த விண்ணப்பத்தை அவர்கள் தாயின் வாயில் வைக்கிறார். மாற்கு அவர்களையே கேட்க வைக்கிறார். நான் பிரசங்கிக்கும்போது மாற்குவையே எடுத்துக்கொண்டு, அந்தச் சகோதரரைச் சற்றுக் கடுமையாகவே பேசியிருக்கிறேன். அவர்களாவது வாய்திறந்து கேட்டார்கள். மற்றப் பத்துப் பேருக்கும் தெரிந்தது, எரிச்சல் உண்டானது, ஆண்டவரும் அவர்களைத் திருத்த முடிந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை. பையை வைத்தேன், அவ்வளவுதான். பிற்காலத்தில் யாக்கோபு ஏரோதின் பட்டயத்துக்கு இரையானான். அந்தச் சீஷன் ஒரு நாளில் உருவானவன் அல்லன்.

காலையில் ஊரின் மேற்குப்புறத்திலுள்ள பழைய அரச சத்திரத்துக்கு நடந்தோம். எட்டாம் அல்போன்சோ மன்னர் யாத்திரிகருக்காக 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவியது; இப்போது பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை அங்கே இயங்குகிறது. அதன் ஆலயத்தின் மரக்கதவில் யாத்திரிகக் குடும்பம் ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். வழிநடையின் நடுவே தாய் குழந்தைக்குப் பாலூட்டுகிறாள். என் தோழர் அந்தக் கதவின் முன் வெகுநேரம் நின்றார். முழங்கால் எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத் தூங்கினேன்பா" என்றார். கேட்ட கேள்விக்கான பதில் அன்று அது. என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

மத்ரீத் செல்லும் பேருந்தில் சன்னலோர இருக்கையை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். அதற்கும் நன்றி சொன்னார்.

சென்ற மாதம் அவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்தது, ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரத் தியானத்தை உங்களுக்கு அனுப்புமுன் அவருக்கு அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.